மலையும் கடலும் சுற்றிய சமையல்காரரின் நினைவைக் காப்பது எப்படி

பந்திக்குச் சமைத்துக்கொண்டே குமரி மாவட்டத்து மலை, காயல், கடற்கரை என்று அலைந்த ஒருவர் இறந்தால், முதலில் ஃபிளெக்ஸ் அடிக்கத்தான் எல்லோரும் ஓடுகிறோம். அது இரண்டு மழைக்குத் தாங்காது. காக்க வேண்டியது அவருடைய பக்குவம். அது இப்போது ஆக்குப்புரையில், அதாவது விருந்துச் சமையல் கொட்டகையில், அவரோடு நின்றவர்களின் கையில் இருக்கிறது. பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு (கருமாதிச் சடங்குக்கு) அவர்கள் வருவார்கள். அன்றே பேசி, ஒரு மாதத்துக்குள் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். கல்யாண சீசன் தொடங்கிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது.

எவ்வளவு போடுவார் என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். அதனால் கேட்க வேண்டாம், அளந்துவிடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும். மல்லி, வற்றல் மிளகாய், உப்பு, புளி எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் வழக்கம்போல அள்ளிப் போடட்டும். முடிந்ததும் கிண்ணங்களை மறுபடி எடை போட்டால், குறைந்தது எவ்வளவோ அதுதான் அளவு. அள்ளிய கையை நிறுத்தித் தராசில் கொட்டச் சொன்னால் தயக்கத்தில் அளவு மாறிவிடும். ஒரே ஆளை மூன்று முறை சமைக்கச் சொல்லிச் சராசரி எடுங்கள். நாழிக்கணக்கு (படி போன்ற பழைய அளவு) என்றால் அவர் புழங்கிய நாழியையே தேடி எடுத்து, அரிசியைத் தலைதட்டி அளந்து எடை போடுங்கள். எல்லார் வீட்டு நாழியும் ஒன்றல்ல. தேங்காயை எண்ணிக்கையில் எழுதவே கூடாது, துருவலின் எடைதான் கணக்கு.

தேங்காய் வறுத்தரைத்து வைக்கும் புளிக்குழம்பான தீயலில் தொடங்குவது நல்லது. கைவித்தியாசம் அதில்தான் பளிச்சென்று தெரியும். ஐந்து பேருக்குத் துருவல் 150 கிராம், மல்லி இரண்டு மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் ஆறு, மிளகு அரைத் தேக்கரண்டி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 250 கிராம், புளி 25 கிராம், கறிவேப்பிலை, தேங்காயெண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவலை மெல்லிய தீயில் 15 முதல் 20 நிமிடம், கை விடாமல் கிளறி வறுக்க வேண்டும். பொன்னிறம் தாண்டி நல்ல தவிட்டு நிறம் (பழுப்பு) வர வேண்டும். தீயைக் கூட்டினால் ஓரத் துருவல் கருகும், நடுவில் பச்சை நிற்கும். குழம்பு கசக்கும், பிறகு வெல்லம் போட்டாலும் மீளாது. மல்லியும் வற்றலும் பாதி நிறம் வந்த பிறகுதான். அரைக்கும்போது முதலில் தண்ணீர் விடாமல் எண்ணெய் கசியும்வரை அரைத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். இந்தக் கணக்கிலிருந்து அவர் எங்கே விலகினார் என்பதைச் சிவப்பு மையில் குறியுங்கள். "அவர் வைத்த தீயல்" என்று ஊர் சொன்னது அந்த வித்தியாசத்தைத்தான்.

அடுத்தது அவர் நடந்த இடங்கள். "எங்கெல்லாம் போவார்?" என்று கேட்டால் மேலோட்டமாகத்தான் பதில் வரும். எந்த மாதம் என்ன கொண்டுவந்தார் என்று கேளுங்கள். மாறாமலைக் கிராம்பு, தோட்டத்து மட்டி வாழைப்பழம், சின்னமுட்டம் துறைமுகத்து மீன் என்று சரக்கைச் சொன்னால் இடமும் பாதையும் தானாக வரும். அதை மாதவாரியாக ஒரு நோட்டில் எழுதினால், அவருடைய வருஷம் முழுவதும் கண்முன் விரியும்.

நினைவு நாள் பந்தியில் மீன் உண்டென்றால் நாளைப் பாருங்கள். விசைப்படகுகளுக்குச் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டும் சேர்ந்துவிடும். அப்போது வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான்; வரத்துக் குறைவு, விலை கூடுதல். மீன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அல்லது அவியலும் எரிசேரியுமாகச் சைவப் பந்தி வைத்துவிடலாம்.

அவர் பாதையில் ஒரு நடை போவதும் நல்லதே. ஆனால் மாவட்டத்துக் காட்டில் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்கு சரணாலயம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் உள்ளே நடக்க வேண்டுமானால் வனத்துறை அனுமதி முதலில். அங்கே அடுப்பு மூட்டுவதும் செடி கொடி பறிப்பதும் கூடாது. காட்டை நேசித்தவர் பெயரில் அதைச் செய்வது அவருக்கே அவமானம். வயதானவர்கள் கூட வந்தால் தேரூர்க் குளக்கரை போதும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகளைப் பார்க்க டிசம்பர், ஜனவரிக் காலையில் போங்கள்.

மரம் நடுவதென்றால் வீட்டு வளவில், மீன்குழம்புக்குப் புளிப்புத் தரும் குடம்புளி மரத்தை நடுங்கள். விதைக்கன்று வேண்டாம், பாதிக்குமேல் ஆண் மரமாகிவிடும், காய்க்காது, அது தெரியவே பத்து வருஷம் ஆகும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். முக்கால் மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்ததும் வையுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால், ஒட்டு நலிந்து அடிக்கன்றுதான் மரமாகும்.