உதவியாளரின் மணிக்கட்டணம்: கையெழுத்துக்கு முன் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் என்.டி.ஐ.எஸ். (அரசின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம்) நிதியில் மாற்றுத்திறனாளிக்கு உதவியாளர் வைக்கும்போது, மணிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைப் பொறுத்து அது ஏறும்.

2024-25 விலைப்பட்டியலில் சாதாரணப் பராமரிப்புக்கான மணிக்கட்டண உச்சவரம்பு இப்படி இருந்தது: வாரநாள் பகலில் 67.56 டாலர், சனிக்கிழமை 95.07, ஞாயிறு 122.59, பொது விடுமுறையில் 150.10. அந்தக் கணக்கில், ஞாயிறன்று நான்கு மணி நேரம் வெளியே அழைத்துப் போவதை வாரநாள் பகலுக்கு மாற்றினாலே ஒரு வாரத்துக்கு 220 டாலர் மிச்சம். ஆண்டுக்கு அது 11,000 டாலரைத் தாண்டும்! அந்தப் பணத்தில் இன்னும் எத்தனை மணி நேரம் உதவி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இவை உச்சவரம்புதான், கட்டாய விலை அல்ல. குறைத்துத் தரச் சொல்லிப் பேசலாம், தயங்கவே வேண்டாம். ஆனால் உதவியாளரின் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியப் பங்கு, நிறுவனச் செலவு எல்லாம் அதற்குள்தான் அடங்குகின்றன. அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நல்ல ஆள் நிலைக்க மாட்டார்.

நிதியை நீங்களே நிர்வகித்தால் இந்த வரம்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. அதிகம் கேட்பவர்களும் உண்டு, கவனம்.

பலர் கோட்டைவிடுவது பயணத்தில். உதவியாளர் உங்கள் வீட்டுக்கு வரும் நேரத்துக்கும் கட்டணம் உண்டு. நகரங்களில் 30 நிமிடம் வரை கேட்கலாம். கார் கிலோமீட்டர் கணக்கு தனி. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையும் பிடிக்கப்படலாம். மூன்றையும் சேவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.