எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோல் பாதிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை மீண்டும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோல் மடிப்புகளை ஈரமின்றி வைக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது என்பதால் அதை இங்கே சொல்லப்போவதில்லை.

மடிப்பில் சிவந்ததெல்லாம் பூஞ்சை என்று முடிவு கட்டுவது

எடை வேகமாகக் குறைந்தபின் அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் தொங்கும் தோல் உரசி, வியர்வையில் ஊறி, அதில் கேண்டிடா பூஞ்சை வளர்வது வழக்கம்தான். சிவந்த பகுதியின் விளிம்பைத் தாண்டிச் சிறு கொப்புளங்கள் சிதறியிருந்தால் பூஞ்சை என்று பெரும்பாலும் துணியலாம். உட்ஸ் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கின் ஒளியில் பவழச் சிவப்பாகத் தெரிந்தால் அது பாக்டீரியா தொற்று. இவை எதையும் பார்க்காமல், ஸ்டீராய்டு கலந்த பூஞ்சைக் களிம்பை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட ஒரு பெண், மாதக்கணக்கில் அப்படிப்பட்ட களிம்புகளைப் பூசிய பிறகு என்னிடம் வந்தார். தொடையிடுக்கில் தோல் மெலிந்து ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தன. சிவப்போ குறையவே இல்லை. வாயோரங்கள் வெடித்திருந்தன, ஆசனவாயைச் சுற்றிப் புண்ணாகியிருந்தது, நகங்களைச் சுற்றித் தோல் உரிந்துகொண்டிருந்தது. உணவில் சுவை தெரியவில்லை, வயிற்றுப்போக்கு விடவில்லை, சத்து மாத்திரைகளை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது என்று அவர் சொன்னதெல்லாம், யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கக்கூடியவை. இரத்தத்தில் துத்தநாகம் மிகக் குறைந்திருந்தது. துத்தநாகம் இல்லாமல் இயங்காத அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் தாழ்ந்திருந்தது. துத்தநாக மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே வாயோரம் ஆறத் தொடங்கியது. களிம்பினால் விழுந்த கோடுகள் மட்டும் நிலைத்துவிட்டன. மடிப்பில் சிவப்பைக் கண்டால் வாயையும் கைகளையும் பாருங்கள், மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள்.

துத்தநாகத்தை அளவின்றித் தொடர்வது

தாமிரச்சத்து குறைந்து, இரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரும்.

முடி கொட்டுவதற்கு எண்ணெய் தேடுவது

அறுவைக்குப் பின் 3 அல்லது 4 மாதங்களில் தொடங்கும் உதிர்தல் பெரும்பாலும் தானே நிற்கும். நீடித்தால் புரதத்தையும் இரும்புச்சத்தையும் சோதியுங்கள்.

தொங்கும் தோலை அவசரமாக அகற்றுவது

எடை நிலைபெற வேண்டும். அதற்குப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். புரதக் குறைபாட்டோடு அறுவை மேசையில் ஏற்றினால் நீண்ட தையல் பிரிந்து, புண் ஆறுவது தாமதமாகும். ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே சத்துக் குறைபாடுகளைச் சோதித்துச் சரிசெய்துவிட வேண்டும்.