எழுத்து உடைந்ததா? முதலில் சேவ் கொடுக்காதீர்கள்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அச்சுக்குக் கொடுக்கும் கடை, வைத்திருக்கிறேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு 1998இல் ஓர் அச்சகத்தில் ஆபரேட்டராக உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம், காதணி விழா, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கீபோர்டு வழியாகத்தான் அச்சுக்குப் போகிறது.

ஒரு வைகாசி மாதம், லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், "என்ன சித்தி, உன்கிட்ட ஃபான்ட்டே கம்மியா இருக்கு" என்று சொல்லி, பென் டிரைவில் கொண்டுவந்த அறுநூறு ஃபான்ட்டை (எழுத்துருவை) ஒரே மூச்சில் என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தேன். முந்தின நாளே புரூஃப் பார்த்து வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட மேட்டர். மேலோட்டமாகப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அச்சுக்கு மூலமாகும் பட்டர் பேப்பரில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். 500 பத்திரிகையும் அடித்து வந்தபிறகு பெண்ணின் அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, என் பேருல ஸ்ரீ எங்கம்மா?" ஸ்ரீநிவாசன் என்ற பெயரின் தலையில் ஒரு வெற்றுக் கட்டம் உட்கார்ந்திருந்தது. மறு அச்சுச் செலவு என் தலையில்.

நடந்தது இதுதான். என்னிடம் இருந்ததும் பாமினி என்ற தமிழ் ஃபான்ட், அவன் கொண்டுவந்ததும் பாமினி. ஆனால் இரண்டும் வேறு வேறு பதிப்பு. என்னுடையதில் ஸ்ரீ இருந்த இடம் அவனுடையதில் காலி. அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மாற்றிவிடவா என்று விண்டோஸ் கேட்டிருக்கும். அறுநூறு ஃபான்ட் போடுகிறவன் அதையெல்லாம் படிப்பானா? எல்லாவற்றுக்கும் 'எஸ்'.

ஃபான்ட் தகராறு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விஷயம் இது. ஃபான்ட்டுக்கு இரண்டு பெயர். கோப்பின் பெயர், வீட்டு வாசலில் மாட்டிய பலகை மாதிரி. யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். உள்ளே பதிந்திருக்கும் பெயர்தான் ரேஷன் கார்டுப் பெயர். பக்கம் அமைக்கும் மென்பொருள் பேஜ்மேக்கரோ கோரலோ இன்டிசைனோ, எதுவானாலும் பார்ப்பது அந்த உள்பெயரை மட்டுமே. நாம் சேவ் செய்த பக்கத்திலும் பொதுவாக அந்தப் பெயர்தான் இருக்கும், எழுத்தின் வடிவம் இருக்காது. அந்தப் பெயரில் இன்றைக்கு எந்த ஃபான்ட் வந்து நிற்கிறதோ அது மேட்டரை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே, எழுத்து உடைந்து தெரிந்தால் உடனே செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. சேவ் கொடுக்காமல் மூடுங்கள். கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் சோதனை செய்யுங்கள். இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. 2004 மகாமகத்துக்கு பேஜ்மேக்கரில் போட்ட ஒரு நோட்டீஸை 2016 மகாமகத்துக்கு மறுபடி எடுத்தேன். ஃபான்ட் இல்லை, அதற்குப் பதில் இதைப் போடுகிறேன் என்று பேனோஸ் பட்டியல் வந்தது. அதில் 'டெம்பரரி', 'பர்மனென்ட்' என்று இரண்டு உண்டு. அவசரத்தில் எல்லாவற்றையும் பர்மனென்ட் ஆக்கி சேவும் கொடுத்துவிட்டேன். எந்தப் பத்தி ஸ்ரீலிபி ஃபான்ட், எந்தப் பத்தி பாமினி என்ற அடையாளமே போயிற்று. முழு நோட்டீஸையும் திரும்ப அடித்தேன்.

அடுத்தது, எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று பார்ப்பது. காய்ச்சலுக்கு நாக்கைப் பார்க்கிற மாதிரி.

'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன் என்று ஆங்கிலமாகத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். மேட்டர் பத்திரமாக இருக்கிறது, பாமினி மட்டும் காணவில்லை. பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் உண்மையில் நாம் அடிப்பது ஆங்கில எழுத்துதான், அதன்மேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது. சரியான சட்டையைத் திரும்ப மாட்டினால் தீர்ந்தது.

தமிழ் எழுத்தாகவே தெரிகிறது, ஆனால் வாசித்தால் அர்த்தமே இல்லை என்றால் வேறு முறையில் அடித்த மேட்டருக்கு வேறு முறை ஃபான்ட் போயிருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுப்பதில் திஸ்கி, டேப் என்று பல முறை உண்டு. திஸ்கியில் ஓர் எழுத்து இருக்கும் எண்ணில் டேப்பில் வேறு எழுத்து. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடத்தி டாம், டேப் என்று பொதுமுறைகள் வகுத்தார்கள். கடைகளில் அவரவர் பழகியதை விடவில்லை. வந்த மேட்டரை எந்த முறையில் அடித்தது என்று அனுப்பியவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் சுருக்கு வழி.

எழுத்து எதுவும் உடையவில்லை, ஆனால் நேற்று பத்து வரியில் முடிந்தது இன்று பதினொன்றாகிவிட்டது, கடைசி வரி பெட்டிக்கு வெளியே விழுகிறது என்றால் உஷார். அதே பெயரில் வேறு பதிப்பு உள்ளே நுழைந்திருக்கிறது. எழுத்தின் அகலம் ஒரு மயிரிழை மாறினாலும் வரி நகரும். எங்கள் ஸ்ரீநிவாசன் பத்திரிகையிலும் 'தங்கள் நல்வரவை' என்ற வரி கீழே இறங்கியிருந்தது. அதைக் கவனித்திருந்தால் 500 பத்திரிகை தப்பியிருக்கும். கட்டத்தைவிட இந்த அறிகுறிதான் ஆபத்தானது, கண்ணுக்குப் படாது.

இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடில் அடித்த 'கொ'வின் கொம்பும் காலும் கலைந்து கிடந்தால் ஃபான்ட் பாவம், ஒன்றும் செய்யவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்டிசைன் என்றால் பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

இன்னொரு போலி நோயும் உண்டு. பாமினியில் சின்ன எம் அழுத்தினால் அ, பெரிய எம் அழுத்தினால் ஆ. எ, ஏவும் ஒ, ஓவும் உ, ஊவும் அப்படித்தான். வேர்டில் அடிக்கும்போது வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறேன் பேர்வழி என்று ஆட்டோகரெக்ட் புகுந்துவிடும். 'அவர்' என்று அடித்தால் 'ஆவர்', 'உடல்' என்றால் 'ஊடல்'. ஒரு டாக்டர் கொடுத்த 'உடல் நலம்' நோட்டீஸ் என் கடையில் 'ஊடல் நலம்' ஆகி, நல்லவேளை, புரூஃபிலேயே மாட்டிக்கொண்டது. ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் ஆட்டோகரெக்டை அணையுங்கள். இன்டிசைனில் பாமினி போட்டால் மொழியை 'நோ லாங்குவேஜ்' என்று வைத்து ஹைஃபனேஷனையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது ஆங்கிலம் என்று நினைத்துத் தமிழ்ச் சொல்லை நடுவில் வெட்டிக் கோடு போடும்.

சரி, இரட்டைப் பதிப்புதான் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். நோட்பேடைத் திறந்து அதே ஃபான்ட்டில் நாலு வரி அடித்துப் பாருங்கள். அங்கேயும் தப்பாக வந்தால் விண்டோஸில் கோளாறு. நோட்பேடில் சரியாக வந்து இன்டிசைனில் மட்டும் தப்பு என்றால் அந்த மென்பொருளின் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

விண்டோஸ் பக்கம் என்றால் தேட வேண்டிய இடம் இரண்டு. சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் எல்லோருக்கும் தெரியும். 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து இன்னொரு இடமும் சேர்ந்திருக்கிறது. சும்மா 'இன்ஸ்டால்' கொடுத்தால் ஃபான்ட் உங்கள் யூசர் கணக்குக்குள், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் போய் உட்காரும். பழைய மென்பொருள் சிலவற்றுக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது. பொது இடத்தில் பழைய பதிப்பு, உங்கள் கணக்கில் புதுப் பதிப்பு என்று இரண்டும் இருந்தால் பேஜ்மேக்கர் ஒன்றைக் காட்டும், இன்டிசைன் இன்னொன்றைக் காட்டும். பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

இரண்டு இடத்திலும் சந்தேகப்பட்ட கோப்பைத் தேடி, ஒவ்வொன்றையும் டபுள் கிளிக் செய்யுங்கள். திறக்கும் சின்ன ஜன்னலின் தலையில் உள்பெயரும் வெர்ஷனும் இருக்கும். எந்தப் பதிப்பில் பழைய வேலைகளைச் செய்தீர்களோ அதுதான் ஜெயிக்க வேண்டும். வெர்ஷன் எண் பெரியது என்பதற்காகப் புதியதை வைக்காதீர்கள். எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு, இரண்டையும் டெஸ்க்டாப்பில் ஒரு போல்டருக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, இரண்டு இடத்திலிருந்தும் நீக்குங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, வேண்டியதை மட்டும் ரைட் கிளிக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுத்துப் போடுங்கள்.

எது குற்றவாளி என்றே தெரியாவிட்டால், பின்னால் ஏற்றிய ஃபான்ட்களில் பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சரியானால் எடுத்த பாதியில் இருக்கிறது. அதில் மறுபடி பாதி. அறுநூறானாலும் பத்து சுற்றுக்குள் ஒன்றில் வந்து நிற்கும். நான் இரவு கடை ஷட்டரை இறக்கிவிட்டு இப்படித்தான் பிடித்தேன். விண்டோஸோடு வந்தவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். பழைய விண்டோஸில் மார்லெட் என்று ஒன்றைத் தேவையில்லாதது என்று நினைத்துத் தூக்கினேன். ஜன்னல்களை மூடும் பெருக்கல் குறி இருந்த இடத்தில் ஆங்கில 'ஆர்' வந்து உட்கார்ந்துகொண்டது.

நீக்கியும் பழைய முகமே தெரிகிறதா? அது கேஷ். விண்டோஸ் ஃபான்ட் விவரங்களைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கும். சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸ்' என்பதை நிறுத்தி, விண்டோஸ் போல்டரில் சர்வீஸ் புரொஃபைல்ஸ், லோக்கல் சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல் வழியாகப் போய் ஃபான்ட் கேஷ் போல்டருக்குள் இருப்பதை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே புதிதாகக் கட்டிக்கொள்ளும். அடோபி மென்பொருள்கள் தங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கும். 'அடோபிஎஃப்என்டி' என்று தொடங்கி 'எல்எஸ்டி' என்று முடியும் கோப்புகளைத் தேடி அழித்தால் போதும்.

இன்டிசைனில் மட்டும் தப்பு என்றால் வேறு எங்கும் போகாமல் முதலில் அந்தக் கோப்பு இருக்கும் போல்டரைத் திறந்து பாருங்கள். 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்' என்று ஒரு போல்டர் இருக்கிறதா? யாரோ கோப்பையும் ஃபான்ட்டையும் ஒன்றாகக் கட்டி, பேக்கேஜ் செய்து அனுப்பிய வேலையோடு வந்திருக்கும். அதில் இருக்கும் ஃபான்ட்டைத்தான் அந்தக் கோப்புக்கு இன்டிசைன் எடுத்துக்கொள்ளும், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதை அல்ல. ஒரு முழு மதியம் இதில் போனது எனக்கு. பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 ஃபான்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023 ஜனவரியோடு அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. புது இன்டிசைனில் அது காணாமல் போனால் தேடி அலைய வேண்டாம். ட்ரூடைப் அல்லது ஓப்பன்டைப் பதிப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

திரையில் சரி, பிரின்டில் தப்பு என்றால் பிரின்டர் டிரைவரில் ட்ரூடைப் ஃபான்ட்டுக்குப் பதில் பிரின்டரின் சொந்த ஃபான்ட்டைப் போடச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்து, 'சாஃப்ட் ஃபான்ட்டாக அனுப்பு' என்று மாற்றுங்கள். காலண்டர் வேலையெல்லாம் சிவகாசிக்குப் போகிறது. அனுப்பும் பி.டி.எஃப்.ஐ ரீடரில் திறந்து கன்ட்ரோல் டி அழுத்தி, ஃபான்ட்ஸ் என்ற தாவலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' (உள்ளே பதிந்தது) என்று இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். கோரல் கோப்பு என்றால் கன்ட்ரோல் கியூ அடித்து எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக, அதாவது கர்வ்ஸ் ஆக்கிய பிரதியை அனுப்புவேன். எழுத்தாக இருக்கும் மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கர்வ்ஸில் பிழை திருத்த முடியாது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மானிட்டருக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கடையில் இருக்கும் முப்பத்திரண்டு தமிழ் ஃபான்ட்டிலும் ஒவ்வொரு வரி: ஸ்ரீ, ஔ, க்ஷ, கொ, னை, லை, ரூபாய் குறி, ஒன்று முதல் சைபர் வரை எண்கள். ஓரத்தில் பேனாவால் வெர்ஷனும் எழுத்து முறையும் எழுதியிருக்கிறது. புது ஃபான்ட் யார் கொண்டுவந்தாலும் முதலில் பழைய கம்ப்யூட்டரில் போட்டு இந்த வரியை அடித்து, தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு வரும். அக்கா மகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். லீவுக்கு வந்தால் பென் டிரைவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.