பவளப் பாரில் ஒரு வெப்பமானி வைத்து பத்து வருடம் விடாமல் ஓட்டுவது எப்படி

ஏப்ரல் பிறந்து காற்றும் விழுந்துவிட்டால் மன்னார் வளைகுடா பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே கவலைதான், தண்ணீர் எவ்வளவு சுடுகிறது, சூடு தாங்காமல் பவளம் நிறமிழந்து வெளுக்குமா என்று. 1998, 2010, 2016 என வெளுத்த வருடங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த வருடத்தில் இந்தத் தீவின் இந்தப் பாரில் (பார் என்றால் கடலடிப் பவளத் திட்டு), இரண்டு மீட்டர் ஆழத்தில், மே மாதம் மதியம் தண்ணீர் எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்டால் எல்லா இடத்துக்கும் பதில் இல்லை. அடுத்த முறைக்காவது பதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற மாணவர்கள், டைவ் அடிக்கிறவர்கள், தீவுகளுக்கு அடிக்கடி போய்வருகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் ஊருக்கு வெளியே நடுக்கடலில் டேவிஸ் ரீஃப் என்று ஒரு பார் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம் அங்கே ஒரு நிலையம் நிறுத்தி 1991-லிருந்து அளந்துகொண்டு வருகிறது: தண்ணீர் வெப்பம், காற்றின் வேகம், திசை, காற்றழுத்தம், வெளிச்சம். பதிவு முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அந்த மாதிரி கோபுரம் நம்மால் முடியாது. ஆனால் அதில் மிக முக்கியமான தண்ணீர் வெப்பத்தை, தீப்பெட்டி அளவுள்ள ஒரு லாகரை, அதாவது வெப்பத்தைத் தானாகவே அளந்து சேமித்துவைக்கும் கருவியை வைத்து நாமே எடுக்கலாம். கருவி வாங்குவது சுலபம். அதே இடத்தில், அதே ஆழத்தில், வருடக்கணக்கில் அறுந்துபோகாமல் எடுப்பதுதான் வேலை.

முதலில் அனுமதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பாரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. ஏற்கெனவே அனுமதி பெற்று ஆய்வு செய்கிற கல்லூரியோ நிறுவனமோ இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. தனியாக அலைந்தால் ஒரு சீசன் அதிலேயே போய்விடும்.

லாகர் வாங்கும்போது துல்லியத்தைப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் அரை டிகிரி வரை பிழை வரும். வெளுப்பு விஷயத்தில் ஒரு டிகிரிதான் வாழ்வும் சாவும் என்பதால் அரை டிகிரி பிழை நமக்கு ஆகாது, 0.2 டிகிரிக்குள் இருப்பதாக வாங்குங்கள். கண்ணாடி மாதிரி ஒளி புகும் கூடு வேண்டாம். ஆழம் குறைந்த தண்ணீரில் வெயில் உள்ளே புகுந்து கூடு தனியாகச் சூடாகிவிடும், லாகர் கடலை அளக்காமல் தன்னையே அளந்துகொண்டிருக்கும். எந்த லாகராக இருந்தாலும் மேலே வெள்ளை பிவிசி குழாயை நெடுக்காகப் பாதி வெட்டிக் கூரை மாதிரி மாட்டி, தண்ணீர் தாராளமாகப் போய்வர விடுங்கள்.

கடலில் போடும் முன் ஐஸ் சோதனை. இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், நானும் ஒரு முறை விட்டேன், அந்த வருடத்து எண்களை இன்றுவரை முழுசாக நம்ப முடியவில்லை. குடிதண்ணீரை உறையவைத்து எடுத்த ஐஸ்தான் வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கும் ஐஸில் உப்பு கலந்திருக்கலாம், உப்பு இருந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு தெர்மாஸ் பெட்டியில் நிரப்பி, இடுக்குகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த குடிதண்ணீர் ஊற்றுங்கள். லாகர்களை நடுவில் புதைத்து, அடிக்கடி கிளறிவிட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். ரீடிங் 0.0-இல் நிலைத்து நிற்க வேண்டும். 0.3 காட்டினால் பரவாயில்லை, அந்த லாகரின் நம்பருக்கு நேரே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லா லாகரையும் ஒரே வாளித் தண்ணீரில் நிழலில் ஒரு நாள் முழுக்கப் போட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளிக் காட்டுகின்றன என்று பாருங்கள். கடலிலிருந்து எடுத்த பிறகும் இரண்டு சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். அப்போதுதான் ஏறியது கடலா, கருவியா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

நேரத்தை இந்திய நேரத்திலேயே வையுங்கள், ஃபைல் பெயரிலும் அதை எழுதுங்கள். ஐந்தரை மணி நேரக் குழப்பம் வந்தால் நடுமதிய உச்சம் காலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இடைவெளி அரை மணி நேரம் போதும். 42,000 அளவுகள் கொள்ளும் லாகர் என்றால் அரை மணிக்கு ஒன்று வீதம் 875 நாள் ஓடும், பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 291 நாளில் நிரம்பிவிடும்.

இடம் தேடும்போது கடைசி வற்றத்திலும் தண்ணீருக்கு மேலே தெரியாத ஆழமாகப் பாருங்கள், நம் பக்கம் இரண்டு மூன்று மீட்டர் சரியாக இருக்கும். உயிருள்ள பவளத்தில் கட்டவே கூடாது. செத்த பாறையில் துளையிட்டு இறக்கிய துருப்பிடிக்காத கம்பியிலோ, கனமான சிமென்ட் கட்டையிலோ, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இரண்டு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். மேலே மிதவை போடாதீர்கள், வலை மாட்டும், இல்லாவிட்டால் யாராவது என்னவென்று பார்க்க இழுப்பார்கள். ஜிபிஎஸ் புள்ளியும், நான்கு திசையிலிருந்தும் எடுத்த நீரடிப் படங்களும் போதும். அந்தப் பக்கம் தொழில் செய்கிற மீனவர்களிடம் இது என்ன, எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் லாகரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஆறு மாதத்துக்குள் பாசியும் கொட்டலசும் ஏறிவிடும். சென்சார் முனையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றினால், எடுக்கும்போது டேப்போடு எல்லாம் உரிந்து வந்துவிடும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடா பக்கம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்தபின் இறங்குவது கஷ்டம், அதனால் மாற்றுவதை மார்ச்சுக்குள்ளும், மறுபடி காற்று அடங்கிய பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லாகரை எடுத்த அன்றே புதியதை வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குறைந்தது ஒரு வாரம் இருக்கட்டும். அந்த ஒரு வாரம்தான் இரண்டு பதிவையும் தையல் போட்டுச் சேர்க்கும் நூல்.

காற்றையும் எழுதுங்கள். காற்று நின்று, அலை அடங்கி, வானம் தெளிந்து வெயில் நேராக இறங்குகிற நாட்களில்தான் பாரில் சூடு தேங்கும். கச்சான் வீசினால் தண்ணீர் கலங்கிக் கலந்து குளிரும். காற்றுமானி வாங்க முடியாவிட்டால் வானிலைத் துறையின் பாம்பன் நிலையத் தகவலை எடுத்துக்கொள்ளலாம், கூடவே தினமும் கடலுக்குப் போகிற ஒருவரிடம் கேட்டு ஒரு வரி எழுதினாலும் போதும்: காற்று எந்தப் பக்கம், நீவாடு (நீரோட்டம்) எப்படி, தண்ணீர் தெளிவா கலங்கலா.

இனி கணக்கு. அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா நடத்தும் கோரல் ரீஃப் வாட்ச், செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு 5 கிலோமீட்டர் கட்டத்துக்கும் வருடத்தில் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியை வைத்திருக்கிறது. கடந்த 12 வாரங்களில் அந்தச் சராசரியை ஒரு டிகிரியோ அதற்கு மேலோ தாண்டிய மிச்சத்தை மட்டும் கூட்டுகிறது. முதல் வாரம் 1.2, அடுத்தது 1.5, மூன்றாவது 0.8, நான்காவது 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.8 சேராது, மொத்தம் 4.3. நான்கைத் தொட்டாலே குறிப்பிடத்தக்க வெளுப்பை எதிர்பார்க்கலாம், எட்டைத் தொட்டால் பவளம் சாகத் தொடங்கும். ஒரு வருட லாகரிலிருந்து இந்தச் சராசரியை நீங்களே போடாதீர்கள், அந்த ஒரு வருடமே சூடான வருடமாக இருக்கலாம். சராசரியை அந்தச் செயற்கைக்கோள் பதிவிலிருந்து எடுத்துக்கொண்டு, அதே நாட்களில் உங்கள் லாகர் அதைவிட எவ்வளவு கூடவோ குறையவோ காட்டுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். தீவை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீர் 5 கிலோமீட்டர் கட்டத்தின் சராசரி மாதிரி நடந்துகொள்ளாது, நாம் லாகர் போடுவதே அதற்காகத்தான்.

கூட்டுத்தொகை நான்கை நெருங்கியதும் படகை எடுங்கள். லாகரைச் சுற்றி முன்பே நம்பர் போட்டு வைத்த பத்துப் பவளக் கூட்டங்களை, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் வண்ண அட்டையை (நிறத்தின் அடர்த்திக்கு ஏற்ப எண் போட்ட அட்டை) பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் மிக வெளிறிய இடம் எந்த எண், மிகக் கறுத்த இடம் எந்த எண் என்று நீரடி ஸ்லேட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பத்தையும் மறுபடி எடுங்கள். எது தேறி நிறம் பிடித்தது, எதன்மேல் பாசி ஏறிவிட்டது என்பது அப்போது தெரியும்.