மூலநிரல் கசிந்ததாகச் செய்தி வந்தால்

முதலில், எது கசிந்தது என்று பாருங்கள். மென்பொருளை உருவாக்க எழுதிய மூலநிரலா, பயனர்களின் கடவுச்சொற்களா? தலைப்பில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். 2020 செப்டம்பரில் விண்டோஸ் எக்ஸ்பியின் மூலநிரல் இணையத்தில் வந்தது. அது கடவுச்சொல் பட்டியல் அல்ல. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரலோ எப்போதுமே திறந்துதான் கிடக்கிறது. ஒளித்து வைத்தால் பாதுகாப்பு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிரலுக்குள் மறந்து விட்டுவைத்த சாவிகள், அதாவது கடவுச்சொற்கள் போன்ற ரகசியங்கள்தான் என்னைப் பயமுறுத்துகின்றன. நானே ஒருமுறை தரவுத்தளக் கடவுச்சொல்லோடு ஒரு கோப்பை, நிரல்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டில் (மாற்றங்களைச் சேமிக்கும் பதிவில்) அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்! பழைய வடிவங்களையெல்லாம் வைத்திருக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்புறம் அணுகல் பதிவுகளைப் பார்த்து, வேறு யாராவது நுழைந்தார்களா என்று தேடுங்கள். வரலாற்றைத் துடைப்பது கடைசி வேலை. அதற்குள் யாராவது நகல் எடுத்திருக்கலாம்.

நிரல் எழுதாதவரா? சரி, அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை நச்சுநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் தந்திருந்தது. கடவுச்சொற்களே கசிந்திருந்தால், அதே சொல்லை வைத்திருக்கும் மற்ற கணக்குகளிலும் மாற்றுங்கள். மின்னஞ்சலில் வரும் "இங்கே அழுத்தி மாற்றுங்கள்" இணைப்பு வேண்டாம். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

ஆர்வத்தில் கசிந்த கோப்பைப் பதிவிறக்கிப் பார்க்கவும் வேண்டாம். அதற்குள் நச்சுநிரல் இருக்கலாம்.