சாயம் அடிக்கும் முன் காரில் ஒட்டுப்பசை எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சுங்கை சிப்புட் பக்கம் பல வருடம் ஓடிய கார்களில் ஸ்டிக்கர் இல்லாத கார் அபூர்வம். பழைய சாகா, வீரா, கான்சில், முதல் மைவி என்று எதைப் பார்த்தாலும் பானெட்டில் ஒரு வேல், கதவின் கீழே நீளப் பட்டை, பின்னால் காற்பந்துக் குழுவின் சின்னம் இருக்கும். விருந்துச் சாப்பாடு ஏற்றும் வேன் என்றால் பக்கம் முழுக்கக் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும்தான். புதுச் சாயம் அடிக்கும் முன் இதையெல்லாம் நாமே எடுத்துக் கொடுத்தால் கெத்தோக் சாட் கடையில், அதாவது தகடு தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறையில், கூலி குறையும் என்று பலர் வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பிறகு சாயம் பொரிந்தாலும் குழி விழுந்தாலும் திட்டு வாங்குவது சாயம் அடித்தவர். பல நேரம் கோளாறு அந்த வாசலில்தான் தொடங்கியிருக்கும். பசை மிச்சம் இருந்திருக்கும், இல்லாவிட்டால் பசையை எடுக்கத் தடவிய எண்ணெய் மிச்சம் இருந்திருக்கும். இரண்டாவதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஸ்டிக்கரைக் குளிர்ந்த தகட்டில் உரிக்கவே கூடாது. நம் ஊர் வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த வினைல், நெகிழ்வு போய் முறுகிவிடும். இழுத்தால் துண்டு துண்டாக உடையும், பசை மொத்தமும் காரிலேயே தங்கும். காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் விடுங்கள், அல்லது முடி உலர்த்தும் டிரையரைக் காட்டுங்கள். தொட்டால் சூடு தெரியவேண்டும், கையை எடுக்கவைக்கக் கூடாது. பிறகு ஒரு மூலையைக் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடக்கி மெதுவாக இழுத்தால் பசையில் பெரும்பகுதி கூடவே வந்துவிடும். பட்டறையில் இருக்கும் ஹீட் கன்னை இரவல் வாங்கி ஒரே இடத்தில் பிடிப்பவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரி சூட்டுக்குப் போகும். மேல்பூச்சு கொப்பளிக்கும், பிளாஸ்டிக் பம்பர் நெளிந்தே போகும்.

மிச்சப் பசையைக் கத்தியால் சுரண்டாதீர்கள். பிளேடு, சமையல் கத்தி, சிலர் வீட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியும்கூட இறங்குகிறது! கீறல் தகடு வரை போனால் நம் மழையில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. காலாவதியான டச் அண்ட் கோ டோல் அட்டை போன்ற பிளாஸ்டிக் அட்டை போதும். கதவுப் பட்டையும் ஜன்னல் மழைத் தடுப்பும் இருபக்க நுரை நாடாவில் ஒட்டியிருக்கும். அவற்றை நெம்பாமல், தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் அறுப்பதுபோல் இழுத்தால் நுரை அறுந்து பட்டை தனியே வரும். தகட்டில் நிற்கும் தடித்த பசைக்கு டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் நல்லது. வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள், நின்றால் சாயம் கருகும்.

அடுத்தது தின்னர். எப்படியும் புதுச் சாயம் அடிக்கப் போகிறோம், பழையது கெட்டால் என்ன என்று கேட்பார்கள். இளகிய பழைய சாயத்தின் மேல் புதுச் சாயத்தை அடித்தால், புதியதில் இருக்கும் கரைப்பான் அடியிலுள்ளதைத் தூக்கிச் சுருக்கிவிடும். அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் ஒரு துளி தேய்த்துப் பார்த்துவிட்டுத் துணிந்து இறங்குகிறவர்களும் உண்டு. அந்த இடத்தில் பெரும்பாலும் தொழிற்சாலைச் சாயம் அப்படியே இருக்கும். பானெட்டோ இடையில் மலிவாக மறுபூச்சு கண்டிருக்கலாம். வேலை செய்யப்போகும் அதே தகட்டின் கீழ் ஓரத்தில் சோதியுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் தின்னரை மூடி வைத்துவிடுங்கள். முன்விளக்கு பாலிகார்பனேட். அதில் தின்னர் பட்டால் மயிரிழை விரிசல் ஓடும்.

பெட்ரோலால் பசை எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிகரெட்டை அணைத்தவர்கள்கூட, ஐந்தடி தள்ளி எரியும் கொசுவர்த்தியை மறந்துவிடுகிறார்கள்.

மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய், டபிள்யூடி-40 எல்லாம் பசையை நன்றாகவே இளக்கும். ஆனால் பசை போனதும் தகடு பளபளவென்று தெரிவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் சொன்ன பெரிய தவறு. அந்தப் பளபளப்பே எண்ணெய்தான். பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் கழுவி, காய்ந்தபின் சாயக் கடையில் விற்கும் மெழுகு-எண்ணெய் நீக்கியால் துடைக்க வேண்டும். ஒரு துணியில் நனைத்துத் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். காயவிட்டால் கரைந்த அழுக்கு மெல்லிய படலமாக அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் உரிப்பதை வெயிலிலும் துடைப்பதைக் காலை நேர நிழலிலும் வைத்துக்கொள்ளுங்கள். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் எதையும் அந்த நாட்களில் காருக்கு அருகில் அடிக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் சிலிக்கான் இருக்கும். துளி படிந்தாலும் புதுச் சாயம் அங்கே ஒட்டாமல் விலகி, மீன்கண் போல வட்டக் குழி விழும்.

பசை இருக்கும்போதே மணல்தாள் போடுவதும் பெருந்தவறு. தேய்க்கும் சூட்டில் பசை இளகித் தாளை அடைத்துவிடும், மிச்சம் கீறல்களுக்குள் இறங்கும். மெழுகும் அப்படித்தான், தேய்க்கத் தேய்க்க உள்ளே போகும். முதலில் துடையுங்கள், பிறகு தேயுங்கள், தேய்த்தபின் மறுபடி துடையுங்கள். ஸ்டிக்கர் இருந்த இடம் அடர்நிறமாகத் தெரிவது பிரச்சினையில்லை, சாயம் அதை மறைத்துவிடும். கவனிக்க வேண்டியது ஸ்டிக்கரின் ஓரத்தில் நிற்கும் மேடு. 400, பிறகு 600 எண் தாளால் விரலுக்குத் தட்டுப்படாமல் போகும்வரை சமப்படுத்தாவிட்டால், வேனை விற்ற பிறகும் பழைய கடைப் பெயரைப் பக்கவெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

ரப்பர் பால் தெறித்த கறைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். நன்றாகக் காயவிட்டுக் கட்டைவிரலால் உருட்டினால் பெரும்பாலும் சுருண்டு வந்துவிடும்.

தேய்த்த இடத்தில் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாக வழிந்தால் சரி. முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி துடையுங்கள். காரை விடும்போது எந்தெந்த இடத்தில் ஸ்டிக்கர் இருந்தது, எதைப் போட்டு எடுத்தீர்கள் என்பதைச் சாயம் அடிப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த இடங்களை அவர் இன்னொரு முறை துடைத்துக்கொள்வார். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவையும் மாற்ற வேண்டும், அதற்கான நடைமுறையை முன்கூட்டியே கேட்டுவிட்டுக் காரைக் கடையில் விடுங்கள்.