மேசையில் சண்டை வராமல் பாலடின் ஆடுவது எப்படி? தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கு

ஃபேன்டஸி ரோல்ப்ளேயிங் கேம்களில் கெட்டவனாக ஆடுவது சுலபம். நல்லவனாக ஆடுவதில்தான் வம்பு. பாலடின் என்றால் நல்லதையே செய்வேன் என்று சபதம் எடுத்த புனித வீரன். பாலடின் ஆடுபவர் வாயைத் திறந்தாலே மற்ற நால்வர் முகமும் சுருங்கிவிடும், "வந்துட்டாருப்பா நீதிபதி" என்று. அந்த முணுமுணுப்பு வராமலும், அதே சமயம் கேரக்டர் உப்புச்சப்பில்லாமல் போய்விடாமலும் எப்படி ஆடுவது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. நான் ஆடிப் பார்த்து எனக்குச் சரிப்பட்டு வந்த முறை இது.

பகடை உருட்டத் தெரியும், கேரக்டர் ஷீட் நிரப்பத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எந்த ஆயுதம் நல்லது, எந்த ஸ்டாட்டில் எவ்வளவு போடுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது.

படி 1: எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் எந்தப் பதிப்பில் ஆடிப் பழகியவர் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமில் பாலடின் முதலில் வந்தது 1975-இல், கிரேஹாக் என்ற துணைநூலில். 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் விதிகள் படுகடுமை. பாலடினின் அலைன்மென்ட், அதாவது குணச்சார்பு, லாஃபுல் குட் (ஒழுங்கும் நன்மையும்) ஆகத்தான் இருந்தாக வேண்டும். தெரிந்தே ஒழுங்கை மீறினால், ஏழாம் நிலைக்குக் குறையாத லாஃபுல் குட் கிளெரிக் (பூசாரி) ஒருவரிடம் போய் ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே, மனமறிந்து ஒரு தீச்செயல் செய்தாலோ அதோடு சரி, மிச்ச ஆயுள் முழுக்க சாதாரண ஃபைட்டர், வெறும் போர்வீரன்தான். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அட்டோன்மென்ட் (பாவ நிவர்த்தி) மந்திரத்தால் திரும்பி வர வழி இருந்தது. ஆனால் பொய் கூடாது, விஷம் கூடாது, தீயவர்களோடு தெரிந்தே சேரவும் கூடாது. 2008-இல் நான்காம் பதிப்பு எந்த அலைன்மென்ட்டிலும் பாலடின் இருக்கலாம் என்றது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு அலைன்மென்ட்டை ஓரங்கட்டிவிட்டு, மூன்றாம் நிலையில் ஓர் உறுதிமொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

நீங்கள் ஐந்தாம் பதிப்புப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவீர்கள். உங்கள் கேம் மாஸ்டர் மண்டைக்குள் 2000-ஆம் வருடத்து விதி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு காவலனிடம் அரைப்பொய் சொன்னதும், "உன் சக்தியெல்லாம் போச்சு" என்பார். பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

படி 2: உறுதிமொழிகளை உங்கள் வார்த்தையில் எழுதி, வரிசைப்படுத்துங்கள்.

2014 ஐந்தாம் பதிப்பின் டிவோஷன் (பக்தி) உறுதிமொழியில் நேர்மை, துணிவு, கருணை, கண்ணியம், கடமை என்று ஐந்து இருக்கின்றன. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் கருணையும் கடமையும் மோதினால் எது ஜெயிக்கும் என்று புத்தகம் சொல்லாது. 2019-இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற வேறொரு கேமின் இரண்டாம் பதிப்பு இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. அதில் விதிகளுக்கு வரிசை உண்டு. இரண்டு விதிகள் மோதினால் மேலே உள்ளதுதான் செல்லும். அப்பாவிக்குத் தீங்கு செய்யாதே என்பது சட்டபூர்வமான அதிகாரத்தை மதி என்பதற்கு மேலே இருக்கிறது. கொடுங்கோல் பிரபு ஒரு குழந்தையைப் பிடித்துத் தரச் சொன்னால் என்ன செய்வது என்று நீங்கள் விழிக்கவே வேண்டாம். நீங்கள் ஆடுவது எந்த கேமாக இருந்தாலும் இந்த வழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு வரிகள் போதும். வரிசைப்படுத்த ஒரு பழைய வித்தை இருக்கிறது. 1985-இல் வந்த அல்டிமா 4 கணினி கேமின் தொடக்கத்தில் குறி சொல்பவள் ஒருத்தி வருவாள். எட்டு நற்குணங்களில் இரண்டிரண்டாக எடுத்து மோதவிட்டு, இந்த நிலைமையில் எதை விடுவாய் என்று கேட்பாள். உங்கள் நான்கு வரிகளையும் அப்படியே மோதவிட்டால் ஆறு ஜோடிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிலைமையைக் கற்பனை செய்து, எது தோற்கிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

எழுதுவதற்கு ஆப் வேண்டாம், தனி அட்டையில் பேனாவால் எழுதுங்கள். கேரக்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதினால் அது உங்கள் ரகசியமாகிவிடும். அட்டை மேசை நடுவே கிடந்தால் மற்றவர்களும் படிப்பார்கள். நீங்கள் எங்கே முரண்டு பிடிப்பீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள். ஒன்பது கட்டம் போட்ட அலைன்மென்ட் அட்டவணையை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். லாஃபுல் குட் என்றால் என்ன என்று ஐந்து பேரைக் கேட்டால் ஆறு பதில் வரும்.

(வெஞ்சன்ஸ் என்ற பழிவாங்கும் உறுதிமொழியில் கட்டுப்பாடு குறைவு என்று நினைத்துப் பல புதியவர்கள் அதை எடுக்கிறார்கள். அதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.)

படி 3: செஷன் ஸீரோவில், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும்போது, இரண்டு கேள்வி.

ஒன்று: "நான் உறுதிமொழியை மீறப் போகிறேன் என்றால், செய்வதற்கு முன் எச்சரிப்பீர்களா?" இதற்கு ஆம் என்ற பதில் வந்தே ஆக வேண்டும். தன் சபதம் எப்போது முறியும் என்று உங்கள் கேரக்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் அது ஆட்டம் ஆகாது.

இரண்டு: "எந்தப் பக்கம் போனாலும் வீழ்ச்சிதான் என்ற மாதிரி பொறி வைப்பீர்களா?" ஓர்க் என்ற அரக்கர்களின் முகாமை அழித்தபின் அங்கே ஓர்க் குழந்தைகள் இருக்கும், கொன்றாலும் பாவம், விட்டாலும் பாவம் என்பது பாலடின்களுக்கென்றே வைக்கப்படும் பழம்பெரும் பொறி. கஷ்டமான தேர்வு வரட்டும், அதற்குத்தானே பாலடின் ஆடுகிறோம். ஆனால் எதைத் தேர்ந்தாலும் ஒரே தண்டனை என்றால் அங்கே தேர்வு எங்கே இருக்கிறது?

படி 4: தீமையைக் காட்டும் சக்தியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய பதிப்புகளில் பாலடினால் தீமையையே உணர முடியும். ஐந்தாம் பதிப்பின் டிவைன் சென்ஸ் அப்படி இல்லை. 60 அடிக்குள் இருக்கும் தேவகணம், பேய்க்கணம், செத்தும் சாகாதவை ஆகியவற்றைத்தான் அது காட்டும். கந்துவட்டிக்காரனையும் லஞ்சம் வாங்கும் காவல் தலைவனையும் காட்டாது. அது காட்டவில்லை என்பதற்காக ஒருவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். காட்டும் பதிப்பிலும்கூட, தீயவன் என்று தெரிவது வேறு, இன்ன குற்றம் செய்தான் என்று தெரிவது வேறு. விசாரியுங்கள், நல்ல காட்சிகள் விசாரணையில்தான் கிடைக்கும்.

படி 5: சரணடைந்தவன்.

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இது. நிதானமாகவே பார்ப்போம்.

சண்டை முடிகிற நேரம். வழிப்பறிக்காரர்கள் ஆறு பேரில் ஐந்து பேர் விழுந்தாயிற்று. ஆறாமவன் வாளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிடுகிறான். கேம் மாஸ்டர் குரலை மாற்றி, "ஐயா, விட்டுடுங்க" என்கிறார். குழுவில் ரோக் (திருடன்) ஆடுபவர் உடனே, "இவனை விட்டா நேரா முகாமுக்கு ஓடுவான். முடிச்சுடலாம்" என்கிறார். நீங்கள் "கூடாது" என்கிறீர்கள். அப்புறம் அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் யாரோ எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

ரோக் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் இதில் சிக்கல். அவன் நிஜமாகவே முகாமுக்கு ஓடலாம். "கூடாது" என்ற சொல்லில் அந்தக் கவலைக்குப் பதில் இல்லை. புண்ணியத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு, ஆபத்தை மற்றவர்கள் தலையில் கட்டுகிறீர்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஆகவே "கூடாது" என்று தொடங்காதீர்கள், "நான் செய்கிறேன்" என்று தொடங்குங்கள். "இவன் என் பொறுப்பு. என் குதிரையில் ஏற்றிக்கொள்கிறேன். ராத்திரி காவலில் இரண்டு முறை நான் உட்காருகிறேன். தப்பித்தால் துரத்துவதும் நானே." அந்த நிமிடமே பேச்சின் திசை மாறும். சாப்பாடு உங்கள் கணக்கில், தூக்கக் கேடு உங்கள் கணக்கில். தூக்கம் கெட்டதற்குக் களைப்பு வந்தால் சிணுங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்னபின் ரோக் ஆடுபவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. பலமுறை, "சரி, ஒரு காவல் நான் பார்க்கிறேன்" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்தது, அவன் பெயரைக் கேளுங்கள். கேம் மாஸ்டர் பெரும்பாலும் பெயர் யோசித்து வைத்திருக்க மாட்டார். ஒரு நொடி தடுமாறி ஏதோ ஒரு பெயர் சொல்வார். பெயர் வந்துவிட்டால் கூடவே ஊர் வரும், இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தான் என்ற கதை வரும். பெயரில்லாத வழிப்பறிக்காரனைக் கொல்லச் சொன்னவரே பெயருள்ளவனிடம் முகாமில் எத்தனை பேர் என்று விசாரிக்கத் தொடங்குவார். குழுவுக்கு வேண்டிய தகவலும் கிடைத்துவிடும்.

மூன்றாவதாக, கேம் மாஸ்டரைக் கேளுங்கள்: "ஒரு நாள் நடைக்குள் இவனை விசாரிக்க யாராவது இருக்கிறார்களா?" இருந்தால் அங்கே கொண்டு போகலாம். இல்லை என்றால் அந்த உலகத்தைப் பற்றி உங்களுக்கு முக்கியமான ஒன்று தெரிந்துவிட்டது. தீர்ப்புச் சொல்வதும் உங்கள் வேலையாகலாம். ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு முகாமுக்கு எதிர்த்திசையில் அனுப்புவது, கட்டிப்போட்டுவிட்டு நூறு அடி தள்ளி ஒரு கத்தியை வைத்துவிட்டுப் போவது என்று இடைவழிகளும் உண்டு.

இன்னொன்று: உயிரோடு பிடிக்க வேண்டுமென்றால் சண்டையின்போதே முடிவெடுங்கள். ஐந்தாம் பதிப்பில் கைகலப்புத் தாக்குதலால் ஒருவனை வீழ்த்தும்போது, கொல்லாமல் மயக்கமடையச் செய்கிறேன் என்று அந்த நேரத்திலேயே சொல்லலாம். அதற்குத் தண்டனை மதிப்பெண் எதுவும் கிடையாது. அம்பு எய்து வீழ்த்தினால் இது செல்லாது. மூன்றாம் பதிப்பில் சாதாரண வாளால் இப்படிச் செய்ய முயன்றால் தாக்குதல் உருட்டலில் 4 குறையும், பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் 2 குறையும். கருணைக்கு எந்த கேம் என்ன விலை வைத்திருக்கிறது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

கேம் மாஸ்டராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிர்ப்பிச்சை பெற்றவன் ஒவ்வொருவனும் திரும்பி வந்து முதுகில் குத்தினால், உங்கள் ஆட்டக்காரர்கள் கற்கும் பாடம் ஒன்றே ஒன்று: எவனையும் விடாதே. இரண்டு பேர் துரோகம் செய்தால் மூன்றாமவனாவது ஒரு ராத்திரி வந்து, பாலத்தில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

படி 6: பொய் சொல்ல வேண்டிய இடம்.

காவல் தலைவன் கேட்கிறான்: "உன் கூட்டாளி எங்கே?" அவள் பீப்பாய்க்குள் இருக்கிறாள். எல்லோரும் செய்வது, "நான் குதிரைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று பாலடின் நழுவ, குழுவிலுள்ள பார்ட் (பாணன்) புளுகுவது. முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாம் தடவை அது கோழைத்தனம், என் கருத்தில்.

நின்று பதில் சொல்லுங்கள். "தெரியும். சொல்ல மாட்டேன்." இது பொய் அல்ல. விலையும் உண்டு, உங்களைக் கைது செய்யலாம். கைதானால் சிறைக்காட்சி ஒன்று ஓசியில் கிடைக்கிறது. வாக்குக் கொடுப்பதும் நல்ல கருவி. "மூன்று நாளில் உண்மையான திருடனோடு வருகிறேன், அதுவரை என் கேடயம் உங்களிடம் இருக்கட்டும்." பொய் சொல்லாதவன் என்று ஊருக்குத் தெரிந்தால், அந்த ஊரில் உங்கள் சொல் பணம் மாதிரி செல்லும். இதை கேம் மாஸ்டரிடம் வாய்விட்டே கேட்டு வாங்குங்கள்.

படி 7: சபதம் முறிந்தால்.

முறியட்டும். ஐந்தாம் பதிப்பின் கையேடே வழி சொல்கிறது: அதே நம்பிக்கை கொண்ட கிளெரிக்கிடமோ அதே சபையைச் சேர்ந்த பாலடினிடமோ போய் மன்னிப்புக் கேட்பது, இரவு முழுக்க விழித்திருந்து வழிபடுவது, நோன்பு இருப்பது. மனம் வருந்தாமல் வேண்டுமென்றே மீறினால் மட்டும்தான் பாலடின் என்ற கிளாஸையே (கேரக்டர் வகையை) இழப்பது, ஓத்பிரேக்கர் (சபதம் முறித்தவன்) ஆவது என்ற பேச்சு வரும். பரிகாரத்தை ஒரே வரியில் முடிக்காமல், ஒரு காட்சியாக ஆடுங்கள்.

சேர்ப்பு: குழுவில் ஒருவர் நெக்ரோமான்சர், பிணங்களை எழுப்புகிறார், என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். மூன்றாம் பதிப்பில் அவர் தீயவராக இருந்தால் அவரோடு சேரவே முடியாது. மற்ற பதிப்புகளில் முதலில் ஆட்டக்காரரோடு ஆட்டத்துக்கு வெளியே பேசுங்கள், அப்புறம் கேரக்டர்கள் பேசட்டும். யாருடைய பிணம், யார் அனுமதி, வேலை முடிந்ததும் திரும்பப் புதைப்பாரா என்று மூன்று நிபந்தனைகள் போட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு ஜோடி நீண்டநாள் சேர்ந்து ஆடியது. நிபந்தனை இல்லாமல் சகித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் வெடிக்கும்.

இன்னொரு சேர்ப்பு: தனியாகக் கணினியில் ஆடுபவர்கள் கேட்டது. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல் சபதம் முறிந்தால் ஓத்பிரேக்கர் நைட் உங்கள் முகாமுக்கே வந்து நிற்பார். காசு கட்டிச் சபதத்தை மீட்கலாம், இல்லையென்றால் அவர் வழியில் போகலாம். அங்கே எச்சரிக்கும் கேம் மாஸ்டர் கிடையாது, எது மீறல் என்பதை நிரல்தான் முடிவு செய்கிறது. உரையாடலுக்கு முன் சேவ் செய்யுங்கள். ஆனால் சேவ் செய்த பழைய இடத்துக்குத் திரும்புவது, நிரல் உங்கள் எண்ணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டபோது மட்டும். நீங்கள் தெரிந்தே செய்ததற்குத் திரும்பிப் போகாதீர்கள், நைட் வரட்டும், பேசிப் பாருங்கள். அந்த உரையாடல் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது.